காற்றின் பொழுது

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பத்தாம் ஆண்டு விழாவில் எதைப்பற்றிப் பேசப்போகின்றீர்கள் என்று நம் செயலாளர் கேட்டபோது, "கடற்கரையின் வெப்பமும் உள்நாட்டின் வெப்பமும்" என்று விடையளித்தேன். அவர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "ஐயா, இது இலக்கிய வட்டம்" என்று மெல்ல நினைவூட்டினார். நினைவிருக்கின்றது என்றேன். இந்தத் தலைப்பை எனக்குத் தந்ததே இந்த வட்டம்தான். அதனை வட்டத்தின் விழாவிலேயே பேசித் தீர்ப்பதுதான் முறை.

நிகழ்ந்ததைச் சொல்லிவிடுகின்றேன். வட்டம் தொடங்கிய முதல் ஆண்டில் ஒரு மாதம் நமக்குக் கூட்டம் நடத்த இடம் கிடைக்கவில்லை. கவியரங்கத்தைச் சென்னைக் கடற்கரையில், மீனவர் குப்பம் ஒன்றன் அருகே, மணலிலேயே நடத்தினோம். அன்று நானும் ஒரு கவிதை படித்தேன். கடலுக்குப் போன கணவனை எண்ணி ஒரு பெண் விடியற்காலையில் கரையில் நிற்கின்றாள். கடலிலிருந்து குளிர்ந்த தென்றல் வந்து அவள் கூந்தலைக் கலைக்கின்றது. கணவன் விடுத்த தூது என்று அவள் அக்காற்றினிடம் பேசுகின்றாள். இதுதான் கவிதையின் பொருள். நண்பர்கள் கைதட்டினார்கள்.

சற்றுத் தள்ளி ஒரு முதியவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்தபின் அவர் என்னை அருகே அழைத்தார். "தம்பி, விடியக்காலையில கடக்காத்து ஏது? அப்ப அடிக்கிறது கரைக்காத்து. அதப் புடிச்சுத்தான் நாங்க வெளியவே போவோம். அந்நேரம் காத்து கடல்லேர்ந்து வந்தா மரம் எப்படித் தம்பி வெளிய போவும்?" என்றார். அவர் மரம் என்று சொன்னது கட்டுமரத்தை. குரலில் ஏளனம் இல்லை. பிள்ளைக்குக் கணக்கில் ஒரு பிழையைக் காட்டுவதுபோலக் காட்டினார். நான், "சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து எண்ணிப்பார்த்தபோது என் கவிதையில் மூன்று பிழைகள் இருக்கக் கண்டேன். காற்று வரும் திசை பிழை. காற்று வரும் பொழுது பிழை. காற்றுக்கு நான் இட்ட பெயரும் பிழை. கடற்கரை நகரத்திலேயே பிறந்து வளர்ந்த ஒருவன் கடற்கரையைப் பற்றி எழுதிய கவிதை அது. அந்த மூன்று பிழைகளையும் திருத்திக்கொள்ள நான் கற்றவற்றையே இன்று உங்கள்முன் வைக்கின்றேன்.

திசை

முதலில் திசையை எடுத்துக்கொள்வோம். கடற்காற்று ஏன் வீசுகின்றது? கடலும் நிலமும் ஒரே ஞாயிற்றின்கீழ் இருந்தும் ஒரே அளவாகச் சூடேறுவதில்லை. ஒரு கிலோ நீரின் வெப்பத்தை ஒரு பாகை செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 4,200 ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு கிலோ உலர்ந்த மணலுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு, ஏறத்தாழ 800 ஜூல் போதும். அன்றியும், கடலில் விழும் ஒளி பல அடி ஆழம் வரை ஊடுருவுகின்றது. அலை அந்த வெப்பத்தைக் கலக்கிக் கீழே கொண்டுபோகின்றது. எஞ்சியதில் பெரும்பகுதி நீரை ஆவியாக்குவதில் செலவாகின்றது. மணலிலோ வெப்பம் மேலே சில விரற்கடை அளவிலேயே தங்கிவிடுகின்றது.

இதன் விளைவைக் காலில் செருப்பின்றி மெரினாவைக் கடந்தவர்கள் அறிவார்கள். சித்திரை, வைகாசி நண்பகலில் அந்த மணலின் மேற்பரப்பு 50 பாகையைத் தாண்டும். அதே வேளையில் ஐம்பது அடிக்கு அப்பால் வங்கக் கடலின் மேற்பரப்பு 29 அல்லது 30 பாகையில் இருக்கும். அந்தக் கடலின் வெப்பம் ஒரு பகலுக்கும் ஓர் இரவுக்கும் இடையே பெரும்பாலும் ஒரு பாகை அளவே மாறும். மணல் பகலில் பெற்றதை இரவில் விரைவாக இழந்துவிடும். நிலம் மறதி மிக்கது என்றும் கடல் நினைவு மிக்கது என்றும் கவிஞர்கள் இதனைச் சொல்லிக்கொள்ளலாம்.

பகலில் சூடேறிய நிலத்தின் மேலுள்ள காற்று விரிந்து மேலெழுகின்றது. அங்கே அழுத்தம் குறைய, கடலின்மேல் உள்ள குளிர்ந்த காற்று கரையை நோக்கி நகர்கின்றது. இதுவே கடற்காற்று. இரவில் நிலம் கடலினும் குளிர்ந்துவிடுவதால் இந்த ஓட்டம் திரும்புகின்றது. காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கிச் செல்கின்றது. அது கரைக்காற்று. கடற்காற்றைவிட வலிமை குறைந்தது. ஆயினும் பாய் விரித்த ஒரு கட்டுமரத்தை விடியுமுன் ஆழ்கடலுக்குக் கொண்டு சேர்க்க அது போதுமானது.

சோழமண்டலக் கரையின் மீனவர்கள் இந்த இரண்டு காற்றுகளைக் கொண்டே தம் நாளை வகுத்துக்கொண்டார்கள். விடியுமுன் கரைக்காற்றில் வெளியே செல்வார்கள். பிற்பகலில் கடற்காற்றில் கரைக்கு மீள்வார்கள். இயந்திரம் பொருத்திய படகுகள் வந்தபின் இந்தக் கட்டாயம் தளர்ந்தது. ஆயினும் அந்த அறிவு பழைய மீனவர்களிடம் அழியாமல் இருந்தது. அந்த முதியவர் என் கவிதையில் கண்ட பிழை இதுதான். அவருடைய வாழ்நாள் முழுதும் காற்று அவரை வெளியே கொண்டுபோன பொழுதில், என் கவிதையில் காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது.

பொழுது

இரண்டாவது, பொழுது. கடற்காற்று கரையேறும் நேரம் நாள்தோறும் ஒன்றாக இருப்பதில்லை. சென்னையில் கோடைக்காலத்தில் பெரும்பாலான நாள்களில் முற்பகல் 11 மணிக்கும் பிற்பகல் 1 மணிக்கும் இடையே அது தொடங்கும். தொடங்கிய நேரத்தைத் தெருவில் நிற்பவனும் உணரலாம். மேற்கிலிருந்து வந்துகொண்டிருந்த அனற்காற்று நின்றுவிடும். சில நிமிடங்கள் இலை அசையாது. பிறகு கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ ஈரம் கலந்த காற்று வரும். ஒரு மணி நேரத்துக்குள் வெப்பம் மூன்று நான்கு பாகை இறங்குவதும் உண்டு.

இந்தக் காற்று ஒரே கணத்தில் எல்லா ஊரையும் அடைவதில்லை. முன்னணிப் படைபோல ஓர் எல்லைக்கோடு வகுத்துக்கொண்டு உள்நாட்டை நோக்கி நடக்கின்றது. 2002-ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகத்தில் டாப்ளர் ரேடார் நிறுவப்பட்டது. அத்தகைய கருவிகளின் திரையில் இக்கோடு கரைக்கு இணையான மெல்லிய இழையாக மேற்கே நகர்வதைச் சில நாள்களில் காணவும் முடியும்.

சென்னையில் நெடுங்காலமாக வானிலை அளக்கப்படும் நிலையங்கள் இரண்டு. ஒன்று நுங்கம்பாக்கம். மற்றொன்று மீனம்பாக்கம். நுங்கம்பாக்கத்தில் 1792-ஆம் ஆண்டிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியார் வானாய்வகம் அமைத்தார்கள். அதற்கென நாட்டிய கருங்கல் தூணில் தமிழிலும் செய்தி பொறித்தார்கள். அங்கிருந்து கடல் ஏறத்தாழ 4 கி.மீ. மீனம்பாக்கத்திலிருந்து கடல் ஏறத்தாழ 10 கி.மீ. இந்த ஆறு கி.மீ. இடைவெளிக்கே வேறுபாடு உண்டு. கோடையில் மீனம்பாக்கத்தின் உச்ச வெப்பம் பல நாள்களில் நுங்கம்பாக்கத்தைவிட ஒரு பாகையேனும் கூடியிருக்கும். கடற்காற்று அங்கே சென்று சேர்வதற்குள் வெயில் தன் வேலையை மேலும் சிறிது செய்துமுடித்துவிடுகின்றது. இன்னும் மேற்கே போனால் வேறுபாடு வளர்கின்றது. காஞ்சிபுரத்தை அக்காற்று சில நாள்களில் மாலையில் சென்றடையும். சில நாள்களில் சென்றடையாமலே ஓய்ந்துவிடும். சென்னையிலிருந்து சாலைவழி ஏறத்தாழ 140 கி.மீ. தொலைவிலுள்ள வேலூர்க்காரர்களுக்குக் கோடையில் 40 பாகை என்பது செய்தியே அன்று.

இரவில் கணக்குத் தலைகீழாகின்றது. இதைத்தான் நாம் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம். கடற்கரை குளிர்ந்த இடம் என்று பொதுவாகச் சொல்கின்றோம். பகலில் அது உண்மை. மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் வேலூர் 20 பாகைக்குக் கீழே செல்வது இயல்பு. சென்னைக் கரையோரம் அத்துணை எளிதில் அந்த அளவுக்கு இறங்குவதில்லை. அருகே உள்ள கடல் தன் வெதுவெதுப்பை அதற்குக் கொடுத்துக்கொண்டிருக்கின்றது. மீனம்பாக்கமும் அந்த விடியலில் நுங்கம்பாக்கத்தைவிடச் சற்றுக் குளிர்ந்தே இருக்கும். ஆகவே கடற்கரையைக் குளிர்ந்த நிலம் என்பதைவிட, வெப்பம் ஏறியிறங்கும் அளவு குறைந்த நிலம் என்பதே பொருந்தும். உள்நாடு பகலில் மிகச் சூடேறி இரவில் மிகக் குளிர்கின்ற நிலம்.

இங்கே நம் இலக்கணத்தை நினைத்துப்பார்க்க வேண்டுகின்றேன். தொல்காப்பியர் முதற்பொருளாக நிலத்தையும் பொழுதையும் இணைத்தே வைத்தார். முல்லைக்கு மாலை, குறிஞ்சிக்கு யாமம், மருதத்துக்கு வைகறை, பாலைக்கு நண்பகல், நெய்தலுக்கு எற்பாடு என்று நாமெல்லாம் படித்திருக்கின்றோம். எற்பாடு என்பதை ஞாயிறு சாய்கின்ற பிற்பகல் என்று பொதுவாகப் பொருள் கொள்வர். மாணவனாக இருந்தபோது நான் இதனை ஒரு பட்டியலாகவே மனப்பாடம் செய்தேன். நிலம் ஒரு பத்தி, பொழுது ஒரு பத்தி. தேர்வுக்கு அது போதுமாக இருந்தது.

அந்த முதியவர் பேசிய பிறகுதான் பட்டியலின் இரண்டு பத்திகளுக்கும் இடையே என்ன உறவு இருக்கக்கூடும் என்று எண்ணத் தொடங்கினேன். பாலைக்கு உரிய நண்பகல் உள்நாட்டில் வெயில் உச்சம் கொள்ளும் வேளை. அதே நண்பகல் கடற்கரையில் காற்று திரும்பும் வேளை. கடிகாரம் காட்டும் நேரம் இரண்டு இடங்களிலும் ஒன்றுதான். உடல் உணரும் பொழுது வேறு. பிற்பகலில் கடற்காற்று நிலைபெற்று வீசும்போதுதான் பாய்மரங்கள் கரை சேர்கின்றன. அப்போதுதான் கரையில் நிற்பவளின் காத்திருப்பு முடியவோ முற்றவோ செய்கின்றது. எல்லாரும் வந்துசேர்ந்த பிறகும் வராத ஒருவனுக்காக இரங்குவது எற்பாட்டிலேதான் பொருந்தும். விடியலில் பொருந்தாது.

இதனால் தொல்காப்பியர் வளிமண்டல இயற்பியல் கற்றிருந்தார் என்று நான் பெருமை பேச வரவில்லை. அப்படிப் பேசுவது அவருக்கும் பெருமை சேர்க்காது. சாயுங்காலம் பிரிந்தவர்க்குத் துயர் மிகும் பொழுது என்ற ஒரு காரணமே அந்த வகுப்புக்குப் போதுமானதாக இருந்திருக்கலாம். நான் சொல்ல வருவது ஒன்றே. அந்த வகுப்பைச் செய்தவர்களும் அதனைக் கையாண்ட புலவர்களும் நிலத்தைப் பொழுதிலிருந்து பிரித்துப் பார்க்கவில்லை. நான் பிரித்துப் பார்த்தேன். அதனால் என் நெய்தல் பெண்ணை எந்தப் பொழுதில் வேண்டுமானாலும் கரையில் கொண்டுபோய் நிறுத்தலாம் என்று நினைத்துவிட்டேன்.

பெயர்

மூன்றாவது பிழை பெயர். என் கவிதையில் கடலிலிருந்து வந்தது தென்றல். தென்றல் என்றால் தெற்கிலிருந்து வருவது. கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, வடக்கிலிருந்து வருவது வாடை. நான்கு திசைக்கும் நான்கு பெயர் வைத்த மொழி நம்முடையது. மீனவர்களிடமும் ஈழத்துத் தமிழரிடமும் கச்சான், சோழகம் முதலான பெயர்கள் வழங்குகின்றன. இத்துணைப் பெயர்களையும் வைத்துக்கொண்டு, இதமாக எது வீசினாலும் தென்றல் என்றும், வருத்தமாக எது வீசினாலும் வாடை என்றும் எழுதிக்கொண்டிருக்கின்றோம். திரைப்பாடல்கள் வளர்த்த பழக்கம் என்று சொல்லித் தப்பிக்கலாம். அந்தப் பழக்கத்தை நம் வட்டத்துக் கவியரங்குகளில் பத்து ஆண்டுகளாக நாமும் வளர்த்திருக்கின்றோம்.

பெயர் பிழையானால் என்ன கெட்டுப்போயிற்று என்று இளைஞர்கள் கேட்கலாம். பெயர் திசையைக் காட்டுகின்றது. திசை அறிந்தால் கடல் எப்பக்கம் இருக்கின்றது என்பது தெரியும். சென்னையில் கடல் கிழக்கே. கடற்காற்று இங்கே பெரும்பாலும் கீழைக்காற்று அல்லது தென்கீழைக்காற்று. கொச்சியில் கடல் மேற்கே. அங்கே மாலையில் இதமாக வருவது மேலைக்காற்று. நம் ஊரில் சித்திரை, வைகாசியில் மேற்கிலிருந்து வருவதோ வறண்ட நிலங்களைக் கடந்துவரும் அனல். ஒரே திசைக்காற்று ஒரு கரையில் விருந்தாளி, மறு கரையில் பகைவன்.

இந்த மேலைக்காற்று செய்யும் கேட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றேன். கத்திரி கழிந்தால் வெயில் தணியும் என்று நாம் நம்புகின்றோம். அக்கினி நட்சத்திரம் பெரும்பாலும் மே 28-ஐ ஒட்டி முடிந்துவிடும். ஆனால் 2003-ஆம் ஆண்டு மே 31 அன்று சென்னையில் 45 பாகை பதிவாயிற்று. கத்திரி கழிந்தபின் வந்த வெப்பம் அது. தென்மேற்குப் பருவக்காற்று நெருங்கும் நாள்களில் மலைகளைத் தாண்டி வறண்டு இறங்கும் மேலைக்காற்று வலுக்கின்றது. கடற்காற்று கரைக்கு அப்பாலேயே தடைப்பட்டு நிற்கின்றது. சில நாள்களில் பிற்பகல் 3 மணிக்கும் அது கரையேறுவதில்லை. அத்தகைய நாள்களில் கடற்கரைக்கும் வேலூருக்கும் வேறுபாடு இல்லாமல் போய்விடும். கடலருகே வாழ்கின்றோம் என்ற காப்பு ஒரு காற்றின் வரவை நம்பியே இருக்கின்றது. மறுநாள் உச்சிக்கு முன்பே அது வந்துவிட்டால் நகரம் மூச்சு விடுகின்றது. "காத்து திரும்பிடுச்சு" என்று திண்ணையில் இருக்கும் பாட்டிமார் சொல்கின்ற அந்தச் சொற்றொடரில் எவ்வளவு பொருள் அடங்கியிருக்கின்றது என்பதை எண்ணிப்பாருங்கள்.

எண்ணில் அடங்காத வெப்பம்

இதுவரை பாகைக் கணக்கில் பேசினேன். அந்தக் கணக்கு முழு உண்மையையும் சொல்லிவிடுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். கடற்காற்று வெப்பத்தைக் குறைக்கும்போதே ஈரப்பதத்தைக் கூட்டுகின்றது. நம் உடல் குளிர்வது வியர்வை உலர்வதனால். ஈரம் நிறைந்த காற்றில் வியர்வை உலர்வதில்லை. வேலூரில் 40 பாகையில் வெளியே வருபவருக்குத் தோல் எரிகின்றது. சென்னையில் 35 பாகையில் நிற்பவருக்கு உடுத்திய துணி ஒட்டிக்கொள்கின்றது. எது கொடிது என்று இரண்டு ஊர்க்காரர்களும் வழக்காடலாம். வெயிலில் உடலுழைப்புச் செய்கின்றவர்க்கு ஈரம் கலந்த வெப்பம் உயிருக்கே கேடு செய்யவல்லது. நிழலில் அமர்ந்து காற்று வாங்குகின்ற நமக்குக் கடற்காற்று இன்பம். அதே கரையில் கூடையை முன்னே வைத்துக்கொண்டு பிற்பகல் வரை மீன் விற்கின்ற பெண்ணுக்கு அது வேறு. கவிதையில் "குளிர்ந்தது" என்று எழுதும்போது யாருக்குக் குளிர்ந்தது என்பதும் அந்தச் சொல்லுக்குள் இருக்கவேண்டும்.

காற்றைப் பெறுவதிலும் நாம் எல்லாரும் சமமாக இல்லை. உயர்ந்த கட்டடங்கள் கரையை ஒட்டி வரிசையாக எழுந்தால் பின்னால் இருக்கும் தெருக்களுக்குக் காற்றின் வேகம் குறையும். பகலெல்லாம் வெப்பத்தை வாங்கிவைத்த சுவர்களும் தார்ச்சாலைகளும் இரவில் அதைத் திருப்பித் தருகின்றன. ஆதலால் நகரின் நடுவே வாழ்பவனுக்குக் கடற்கரையின் பகலும் இல்லை, உள்நாட்டின் இரவும் இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. அதன்பின் சென்னைக் கரையோரக் குடும்பங்கள் பல செம்மஞ்சேரி முதலான இடங்களில் குடியமர்த்தப்பட்டன. அலை அங்கே வராது என்பது உண்மை. சில கி.மீ. உள்ளே சென்றவுடன் காற்று வரும் பொழுதும் தள்ளிப்போகின்றது என்பதும் உண்மை. வாசலில் நின்றே காற்றின் திருப்பத்தை அறிந்துவந்த ஒரு மூதாட்டி, அடுக்குமாடி வீட்டின் சன்னலில் அதைத் தேடுகின்றாள் என்றால், அவள் இழந்தது வெறும் குளிர்ச்சி மட்டும்தானா? அவள் நாளின் அமைப்பே மாறிவிடுகின்றது. இந்தத் துயரம் எந்தத் திணைக்கு உரியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதை எழுதப்போகின்றவர்கள் நீங்கள்.

திருத்திய கவிதை

இறுதியாக என் கவிதைக்கு வருகின்றேன். பிழையென்று தெரிந்தபின் அதைக் கிழித்துப்போட நினைத்தேன். பிறகு, அந்த முதியவர் சொன்னபடி காற்றைத் திருப்பிவைத்துப் படித்துப்பார்த்தேன். விடியலில் அவள் கரையில் நிற்கின்றாள். காற்று அவள் முதுகின் பின்னாலிருந்து, குப்பத்தின் பக்கமிருந்து வருகின்றது. அவளைக் கடந்து கடலை நோக்கிச் செல்கின்றது. கணவனிடமிருந்து அவளுக்கு எந்தத் தூதும் வரவில்லை. அவளிடமிருந்துதான் அவனை நோக்கி ஏதோ போகின்றது. அடுப்புப் புகையின் மணமும், கருவாட்டின் மணமும், அவள் விட்ட மூச்சும் அவன் பின்னே போகின்றன. அவனை அவளிடமிருந்து விலக்கிக் கொண்டுபோவதும் அதே காற்று. அவள் எதைக் கேட்பது, யாரை நோவது? உச்சிப்பொழுதுவரை அவள் பொறுத்திருக்கவேண்டும். காற்று திரும்பவேண்டும்.

அன்பர்களே, நான் முதலில் எழுதியதைவிட இது நல்ல கவிதை என்பதை நீங்களே ஒப்புக்கொள்வீர்கள். இதில் என் கற்பனை எதுவும் இல்லை. காற்றின் திசையையும் பொழுதையும் சரியாக வைத்தேன். எஞ்சியதைக் காற்று செய்துகொண்டது. மெய்ம்மை கற்பனைக்கு விலங்கு என்று நாம் அஞ்சுகின்றோம். என் பட்டறிவில் மெய்ம்மைதான் என்னால் கற்பனை செய்ய இயலாததைக் கொடுத்தது.

ஆகவே இந்தப் பத்தாம் ஆண்டில் வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள் வைக்கின்றேன். இனி வரும் ஆண்டில் ஒரு கூட்டத்தையேனும் மீண்டும் கடற்கரையில் நடத்துவோம். விடியலில் ஒரு முறையும் பிற்பகலில் ஒரு முறையும் கூடுவோம். முடிந்தால் அதே வாரத்தில் காஞ்சிபுரத்திலோ வேலூரிலோ உள்ள நண்பர்களோடு ஒரு மாலையும் ஓர் இரவும் தங்குவோம். கையில் ஒரு வெப்பமானி இருந்தால் நன்று. இல்லையென்றாலும் தோல் இருக்கின்றது. எந்தப் பொழுதில் எந்தத் திசையிலிருந்து காற்று வந்தது என்று ஒவ்வொருவரும் ஒரு வரி குறித்துக்கொண்டு வரவேண்டும். கவிதை அதற்குப் பிறகு வரட்டும். அந்தக் கூட்டத்துக்கு வலை பின்னும் பெரியவர் எவரேனும் வந்து அமர்ந்தால் அவரை நடுவராக இருக்குமாறு வேண்டிக்கொள்வோம்.

என் கவிதையைத் திருத்திய முதியவரை அதன்பின் இரண்டு முறை தேடிச் சென்றேன். பார்க்க முடியவில்லை. திருத்திய கவிதையை அவருக்குப் படித்துக்காட்ட வேண்டுமென்ற ஆவல் இன்னும் என்னிடம் இருக்கின்றது. அவர் கேட்டிருந்தால், கைதட்டியிருக்க மாட்டார். "இப்ப சரி, தம்பி" என்று சொல்லிவிட்டு வலையைத் தொடர்ந்து பின்னியிருப்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே நாம் எழுதவேண்டும் என்று நினைக்கின்றேன்.